கடற்கரையில் பேஸ் ஆம்ப் இரைகிறது: எர்த் பின்னை வெட்டலாமா, ஆம்பை மாற்றலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. தங்கச்சிமடத்தில் கோவில் பாடகர் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறீர்கள். மதுரையில் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் உள்ள பழைய 100 வாட் காம்போ ஆம்ப் ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். வீட்டில் 'உம்ம்' என்று இரைகிறது, கம்பியில் கை வைத்தால் குறைகிறது. திருவிழா அன்று கடற்கரைப் பந்தலில் ஜெனரேட்டர் கரண்டில் வாசித்தபோது இரைச்சல் இரண்டு மடங்கானது, பேஸ் சத்தமோ மணலில் கொட்டிய தண்ணீர் மாதிரி காணாமல் போனது. பக்கத்தில் இருந்த மைக் செட்காரர் "எர்த் பின்னை வெட்டிவிடு, சரியாகிவிடும்" என்றார். வெட்டலாமா, இல்லை ஆம்பையே மாற்றிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

தம்பி, வெட்டாதீர்கள். ஆம்பையும் இப்போதைக்கு மாற்ற வேண்டாம். நீங்கள் சொன்ன இரைச்சல் ஒன்றல்ல, இரண்டு. பேஸ் கேட்காமல் போனது மூன்றாவது விஷயம், அதற்கும் இரைச்சலுக்கும் சம்பந்தமே இல்லை. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் நல்ல ஆம்பை விற்றுவிட்டு இன்னொன்று வாங்கி, அதிலும் அதே இரைச்சலைக் கேட்டு மனம் ஒடிந்து போகிறார்கள். நான் ஐடிஐயில் ரேடியோ டிவி மெக்கானிக் படித்துவிட்டு ராமநாதபுரத்தில் 24 வருடமாக ஆம்ப்ளிஃபையர் பழுது பார்க்கிறேன். அதில் பாதிக் காலம் லைட் மியூசிக் குழுக்களில் பேஸ் வாசித்தேன். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை இந்தக் கடற்கரையில் நான் வாசிக்காத பந்தல் குறைவு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் எர்த். பேஸ் கிட்டாரில் கம்பி, கம்பியின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜ், ஜாக்கின் வெளிச்சுற்று எல்லாமே வயர் வழியாக ஆம்ப்பின் சேஸிஸோடு, அதாவது உலோகச் சட்டத்தோடு, சேர்ந்திருக்கின்றன. சேஸிஸ் மூன்றாவது பின் வழியாக எர்த்தில் சேர்கிறது. ஆக, கம்பியைத் தொடும்போது நீங்கள் ஆம்ப்பின் உடம்பைத் தொடுகிறீர்கள். எர்த் பின்னை வெட்டினால் அந்த உடம்பு அந்தரத்தில் நிற்கும். ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை உள்ள புது ஆம்ப்களில் இரைச்சலை வடிகட்ட லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் சேஸிஸுக்குச் சின்னக் கண்டன்சர்கள் போட்டிருப்பார்கள். எர்த் இல்லையென்றால் அவற்றின் வழியாகவே சேஸிஸில் 230 வோல்ட்டில் பாதி அளவு ஏறி நிற்கும். அது சுர்ரென்று இழுக்கும், ஆளைக் கொல்லாது. ஆனால் உள்ளே டிரான்ஸ்பார்மரின் இன்சுலேஷன் ஒருநாள் போய்விட்டால் அதே கம்பியில் முழு 230 வோல்ட் நிற்கும். ஒரு கை கம்பியில், உதடு மைக்கில் என்றால் கரண்ட் நெஞ்சு வழியாகத்தான் போகும். 1972-ல் வேல்ஸின் ஸ்வான்சீ நகரில் லெஸ் ஹார்வி என்ற கிட்டார் கலைஞர் சரியாக எர்த் ஆகாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். வேர்த்த கை, வெறுங்கால், ஈர மணல் என்று இருக்கும் நம் ஊரில் இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

எனக்கே நடந்தது ஒன்று உண்டு. சாயல்குடிப் பக்கம் ஒரு கடலோரக் கிராமத்தில் திருவிழா. மைக்கில் வாய் வைத்ததும் உதட்டில் எறும்பு கடித்த மாதிரி இருந்தது. பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு மல்டிமீட்டரை ஏசியில் வைத்தேன். ஒரு முனை பேஸ் பிரிட்ஜில், மறுமுனை மைக்கின் கம்பி வலையில். 87 வோல்ட் காட்டியது. என் ஆம்பைச் சொருகியிருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கழற்றிப் பார்த்தால், சாக்கெட்டில் மூன்று ஓட்டை இருந்தது, உள்ளே வந்தது இரண்டு வயர்தான். எர்த் பித்தளையில் வயரே படவில்லை, அது புதிதாகப் பளபளவென்று இருந்தது. மூன்று கோர் வயர் ஒன்றை எடுத்து, மிக்ஸர் சொருகியிருந்த அதே போர்டிலிருந்து என் ஆம்புக்கும் இழுத்தோம். மீட்டர் ஒரு வோல்ட்டுக்குக் கீழே வந்தது. இரைச்சலும் முக்கால்வாசி போனது. அன்றிலிருந்து மைக்கைத் தொடுமுன் மீட்டரால் தொடுவது என் பழக்கம். நீங்களும் ஒரு சின்ன மல்டிமீட்டரைப் பேஸ் உறையிலேயே போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் எர்த் பின்னை வெட்டினால் சில நேரம் இரைச்சல் நிற்கிறதே, அது எப்படி? நிற்பது உண்மைதான். உங்கள் ஆம்ப்பிலிருந்து மிக்ஸருக்கு ஒரு வயர் போகிறது. ஆம்புக்கு ஒரு எர்த், மிக்ஸருக்கு ஒரு எர்த். இரண்டும் பந்தலின் வேறு வேறு மூலையிலிருந்து வந்தால் இரண்டுக்கும் நடுவே சின்ன வோல்டேஜ் வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசம் சிக்னல் வயரின் ஷீல்டு வழியாக ஓடி 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 அதிர்வு, இரைச்சலாகக் கேட்கும். இதைத்தான் கிரவுண்டு லூப் என்பார்கள். பின்னை வெட்டினால் அந்த வட்டம் அறுந்துவிடும், கூடவே உங்கள் உயிர்க்காப்பும் அறுந்துவிடும். வட்டத்தை அறுக்க வேண்டிய இடம் சிக்னல் வயர்தான். பேஸ் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் சின்னப் பெட்டி, டிரான்ஸ்பார்மர் உள்ள டிஐ பாக்ஸ் ஒன்றை இடையில் போட்டு, ஷீல்டின் இணைப்பை மட்டும் பிரிக்கும் கிரவுண்டு லிஃப்ட் ஸ்விட்சை அதில் தட்டினால் போதும். சில ஆம்ப்களில் பின்பக்க டிஐ அவுட்டிலேயே அந்த ஸ்விட்ச் இருக்கும், உங்களுடையதில் இருக்கிறதா என்று பாருங்கள். ஜெனரேட்டரின் பாடியையும் நியூட்ரலையும் எர்த்தோடு எப்படிச் சேர்ப்பது என்பது உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் நேரில் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை. அதை நான் இங்கே எழுத மாட்டேன். காய்ந்த மணலில் ஓரடி குத்திய இரும்புக் கம்பி எர்த் ஆகாது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். அந்தப் போர்டில் கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஸ்விட்ச் ஒன்று போடச் சொல்லிக் குழுவாகக் கேளுங்கள்.

இனி வீட்டு இரைச்சல். கம்பியைத் தொட்டால் குறைகிறது என்பது நல்ல செய்தி. உங்கள் உடம்பு சுற்றியுள்ள வயரிங்கிலிருந்து இரைச்சலை வாங்கி பேஸுக்குக் கொடுக்கிறது, கம்பியைத் தொட்டதும் உடம்பும் எர்த்தோடு சேர்ந்து அமைதியாகிவிடுகிறது. பிரிட்ஜ் வயர் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். தொடும்போது இரைச்சல் கூடினால்தான் பயப்பட வேண்டும், அப்போது ஜாக்கில் வயர் மாறியிருக்கலாம் அல்லது எர்த் இல்லாமல் இருக்கலாம்.

உங்கள் பேஸ் ஜாஸ் பேஸ் வகை, கம்பியின் அதிர்வை வாங்கும் பிக்கப் இரண்டு, ஒன்றைக் குறைத்தால் இரைச்சல் கூடுகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். அது பழுதல்ல, அதன் பிறவிக் குணம். 1960-ல் வந்த அந்த வடிவத்தில் இரண்டு பிக்கப்பும் தனித்தனி ஒற்றைக் காயில். காயில் சுற்றிய திசையும் காந்தமும் ஒன்றுக்கொன்று எதிர். இரண்டு வால்யூமும் சமமாக இருந்தால் வெளி இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், ஒன்றைக் குறைத்தால் அடிக்க ஆள் இல்லை. 1957-க்குப் பிறகு வந்த பிரிசிஷன் பேஸில் ஒரே பிக்கப்பை இரண்டு துண்டாக்கி இதே வேலையைச் செய்தார்கள், அதனால் அது எப்போதும் அமைதி. நீங்கள் இரண்டையும் முழுதாகத் திறந்து வாசித்துப் பாருங்கள். அப்படியே மெதுவாக உடம்பைத் திருப்பிப் பாருங்கள். ஒரு திசையில் கூடி ஒரு திசையில் குறைந்தால் பக்கத்தில் ஏதோ டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. பெரும்பாலும் அது உங்கள் ஆம்ப்பாகவே இருக்கும், இரண்டடி தள்ளி நில்லுங்கள்.

அடுத்து, இரைச்சல் ஆம்ப்பின் எந்தப் பக்கம் பிறக்கிறது என்று பிரிக்க வேண்டும். பேஸைக் கழற்றிவிட்டு வால்யூம், கெயின் எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வையுங்கள். அப்போதும் இரைந்தால் பவர் சப்ளை அல்லது பவர் ஆம்ப் பக்கம். பூஜ்யத்தில் அமைதி, கூட்டினால் இரைச்சல் என்றால் முன்பக்கம். பேஸைச் சொருகினால் மட்டும் இரைச்சல் என்றால் வயரோ பேஸோதான்.

இதற்கு ஒரு காது வழியும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பேஸில் தடித்த இ கம்பியில் மூன்றாவது கட்டை, அதாவது ஜி, 49 ஹெர்ட்ஸ். இரைச்சல் கேட்கும்போதே அந்த ஜியை மெதுவாக வாசித்து நீட்டிப் பிடியுங்கள். இரண்டும் உரசி வொவ், வொவ் என்று துடிக்கும். நொடிக்கு ஒரு துடிப்பு என்றால் அது 50 ஹெர்ட்ஸ், எர்த் லூப்போ பிக்கப்போ. அது கேட்கவில்லையென்றால் கடைசிக் கம்பியைத் திறந்து வாசியுங்கள், அந்த ஜி 98 ஹெர்ட்ஸ். நொடிக்கு இரண்டு துடிப்பு வந்தால் இரைச்சல் 100 ஹெர்ட்ஸ். ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையருக்குப் பிறகு கரண்டின் அலை இரட்டிப்பாகிறது, அதனால் 100 ஹெர்ட்ஸ் பெரிதாகக் கேட்டால் பவர் சப்ளையின் ஃபில்டர் கண்டன்சர்கள் காய்ந்துவிட்டன என்று சந்தேகிக்கலாம். பழைய ஆம்ப் என்றால் அந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கும். சந்தேகம்தான், முடிவு அல்ல. திறந்து அளக்காமல் நான் உறுதியாகச் சொல்ல முடியாது. நீங்களும் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கண்டன்சர்களில் சார்ஜ் நிற்கும். இதற்கு முன் பேஸைச் சரியாக ட்யூன் செய்துகொள்ள மறக்காதீர்கள். ஜெனரேட்டரில் இந்தக் கணக்கு சரிவராது. லோடு ஏறி என்ஜின் இழுக்கும்போது ஹெர்ட்ஸும் இறங்கும், இரைச்சலின் சுருதியே இறங்கி ஜியோடு ஒட்டிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன்.

உம்ம் என்ற ஹம் இல்லாமல் 'ஜிர்ர்' என்று கூர்மையாக வந்தால் பந்தலின் சீரியல் செட்டையும் டிம்மர் போட்ட விளக்கையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெரு என்றால் ஐஸ் கம்பெனி மோட்டார் எடுக்கும்போது 'டப்' என்று ஒரு சத்தமும் வோல்டேஜ் இறக்கமும் வரும். அது ஆம்ப்பின் குற்றமே இல்லை.

ஆம்ப்பின் குற்றம் என்று நம் பக்கம் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான், உப்பு. பாம்பன், மண்டபம் பகுதிக் காற்று இரும்பை எவ்வளவு வேகமாகத் தின்னும் என்பது பாலத்தைப் பராமரித்தவர்களுக்குத் தெரியும். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் உலோகங்கள் எப்படி அரிக்கின்றன என்று பார்க்க மண்டபத்தில் ஒரு நிலையமே வைத்திருக்கிறது. அந்தக் காற்றுதான் உங்கள் ஆம்ப்பின் ஓட்டைகள் வழியாக உள்ளே போகிறது. உப்புத்தூள் படிந்த இடம் காற்றின் ஈரத்தை இழுத்து எப்போதும் நசநசவென்று இருக்கும். வாடைக் காலத்தில் இது இன்னும் அதிகம்.

சில வருடங்களுக்கு முன் தேவிபட்டினத்திலிருந்து ஒரு பேஸ் ஆம்ப் வந்தது. வாசித்துக்கொண்டே இருக்கும்போது சத்தம் பாதியாக விழும், ஓங்கி ஒரு நோட்டு அடித்தால் திரும்ப வரும். நான் முன்பக்க ஐசியை மாற்றினேன், ஈயம் விட்ட இடங்களையெல்லாம் திரும்பப் பற்றவைத்தேன். இரண்டு முறை வாங்கிப் போய் இரண்டு முறையும் திரும்பக் கொண்டுவந்தார்கள். மூன்றாவது முறைதான் பின்பக்கம் இருந்த, எஃபெக்ட் பெட்டிகளை இணைக்கும் சென்ட், ரிட்டர்ன் ஜாக்கைப் பிரித்துப் பார்த்தேன். ரிட்டர்ன் ஜாக்கில் எதுவும் சொருகாதபோது சிக்னல் உள்ளே இருக்கும் சின்னத் தகட்டைத் தொட்டுக்கொண்டுதான் பவர் ஆம்புக்குப் போகும். நகக்கண் அளவுத் தகடு அது. அதன் முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. யாரும் ஒருநாளும் எதையும் சொருகாததால் அந்த இடம் உரசாமலே கிடந்து அரித்திருக்கிறது. காண்டாக்ட் கிளீனர் அடித்து, பிளக்கை இருபது தடவை சொருகி எடுத்தேன், சரியாகிவிட்டது. அந்தப் பையனிடம் முதல் இரண்டு முறை வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஆகவே உங்கள் ஆம்ப்பில் சென்ட், ரிட்டர்ன் இருந்தால் ஒரு சின்ன பேட்ச் வயரால் இரண்டையும் இணைத்துப் பாருங்கள். சத்தம் திடமாகி, கரகரப்பு குறைந்தால் நோய் அங்கேதான். கன்ட்ரோல்களைத் திருப்பும்போது கரகரவென்றால் அதுவும் இதே கதை. எலக்ட்ரானிக் காண்டாக்ட் கிளீனர் என்று எழுதியதை வாங்குங்கள், துருவுக்கு அடிக்கும் பொதுவான எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம், அது பிசுபிசுப்பாகத் தங்கித் தூசியைப் பிடிக்கும். ஆம்ப் அணைத்திருக்க வேண்டும், அடித்த பிறகு நன்றாகக் காயவிட வேண்டும். 'பர்ர்' என்று ஸ்பீக்கரின் அதிரும் கூம்பான கோனிலிருந்து வந்தால் முதலில் ஸ்பீக்கர் ஸ்க்ரூக்களை இறுக்குங்கள். அப்புறம் இரண்டு கை விரல்களால் கோனைச் சமமாக மெதுவாக உள்ளே அழுத்திப் பாருங்கள். உரசல் கேட்டால் காந்த இடுக்கில் துரு புகுந்திருக்கலாம், அது கடை வேலை.

இப்போது டோன், அதாவது கடற்கரையில் பேஸ் காணாமல் போனது. இ கம்பியைத் திறந்து வாசித்தால் 41 ஹெர்ட்ஸ். நம் வெயிலில் அந்த அலையின் நீளம் எட்டரை மீட்டர், 28 அடி. வீட்டில் அது சுவரில் மோதித் திரும்பி உங்களிடமே வருகிறது. பதின்மூன்று அடி அகல அறையாக இருந்தால் இ கம்பியின் முதல் கட்டை, எஃப், மட்டும் குமுறும், பக்கத்து நோட்டு சாதுவாக இருக்கும். அதை ஆம்ப்பின் பலம் என்று நினைத்துவிடுகிறோம். கடற்கரையில் சுவரே இல்லை, போன அலை போனதுதான். உங்கள் பங்குக் கோவிலுக்குள்ளே வாசித்தபோது குமுறியதாகச் சொன்னதும் கடற்கரையில் மெலிந்ததும் ஒரே ஆம்ப், ஒரே செட்டிங்.

அங்கே எல்லோரும் செய்வது பேஸ் கன்ட்ரோலை முழுக்கத் திருப்புவது. பத்து டெசிபல் கூட்டினால் அந்தப் பகுதிக்குப் பத்து மடங்கு வாட் வேண்டும். உங்களிடம் இருப்பது 100. ஆம்ப் திணறிக் கரகரக்கும், கோன் அடிவாங்கும், கேட்பவருக்கோ ஒன்றும் கூடாது. நான் செய்வது நேர் எதிர். பேஸ் கன்ட்ரோலை நடுவிலோ சற்றுக் கீழேயோ வைத்துவிட்டு, 200 ஹெர்ட்ஸ் பக்கமும் 700, 800 பக்கமும் கொஞ்சம் தூக்குவேன். அடிச்சுருதியைச் சின்ன ஸ்பீக்கர் சரியாகக் கொடுக்காவிட்டாலும் அதன் மேல் சுருதிகள் தெளிவாக இருந்தால் காது மீதியைத் தானே சேர்த்துக்கொள்ளும். தனியாகக் கேட்டால் அந்தச் சத்தம் மூக்கால் பாடுவதுபோல இருக்கும், தவிலும் கீபோர்டும் சேர்ந்ததும் சரியாக உட்காரும். ஆம்பை நாற்காலியில் வைக்காமல் தரையில் வையுங்கள். டிஐ வழியாக மிக்ஸருக்குக் கொடுத்து, கூட்டத்துக்குக் கொண்டுபோகும் வேலையைப் பெரிய பெட்டிகளிடம் விட்டுவிடுங்கள், உங்கள் ஆம்ப் உங்களுக்குக் கேட்டால் போதும். இந்த எண்களில் கொஞ்சம் என் ருசி கலந்திருக்கிறது, உங்கள் குழுவுக்கு 500 சரியாக இருக்கலாம்.

கம்பியும் ஒரு காரணம். உப்பும் வேர்வையும் சேர்ந்தால் ரவுண்டுவவுண்டு, அதாவது உருண்டை வயர் சுற்றிய, கம்பியின் சுற்றுக்குள் அழுக்கு ஏறிப் பளிச்சென்ற சத்தம் செத்துவிடும். வாசித்து முடித்ததும் காய்ந்த பனியன் துணியால் அடிப்பக்கமும் சேர்த்துத் துடையுங்கள். விலை கூடிய வயர் டோனைக் கூட்டும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வயர் நீளமானால் ட்ரெபிள் குறையும் என்பது உறுதி, பேட்டரி இல்லாத பேஸில் அது நன்றாகவே கேட்கும். ஆகவே பந்தலில் முப்பதடி வயரைச் சுருட்டிப் போடுவதைவிடப் பதினைந்தடி வயரோடு ஆம்ப் பக்கத்தில் நிற்பது நல்லது.

பணம் செலவழிக்க வேண்டிய வரிசை என்று கேட்டால், ஒழுங்கான மூன்று கோர் எக்ஸ்டென்ஷன், மல்டிமீட்டர், காண்டாக்ட் கிளீனர், அப்புறம் டிஐ பாக்ஸ். இவை எல்லாம் சேர்ந்தும் புது ஆம்ப் விலைக்குப் பக்கத்தில் வராது. ஃபில்டர் கண்டன்சர் மாற்ற வேண்டி வந்தாலும் அது ஒரு நாள் வேலைதான். இன்று ராத்திரி தெரு அடங்கியதும் அந்த ஜியைப் பிடித்துத் துடிப்பை எண்ணிப் பாருங்கள். ஒன்றா, இரண்டா, வால்யூம் பூஜ்யத்தில் இருக்கும்போதும் இரைகிறதா என்று எழுதுங்கள். அதற்குப் பிறகு ஆம்பைத் திறக்க வேண்டுமா என்று சொல்கிறேன்.